நிறுத்தியதற்கான காரணம்

ஜூன் 3, திங்கள்

வதனிக்குக் கீமோ ஆரம்பித்து இன்று பதினோராம் நாள். காலையில் நாலு இட்லி. பத்து மணிக்குப் பூரி கேட்டு அழுகை. பதினொன்றுக்கு மறுபடி இட்லி. ஸ்டீராய்டு மாத்திரை அப்படித்தான் பசிக்க வைக்குமாம். நாலரை வயதுப் பிள்ளை எனக்குச் சமமாகச் சாப்பிடுகிறாள். முகம் உருண்டையாகிவிட்டது. நேற்று லிஃப்ட் கண்ணாடியில் தன்னைப் பார்த்து "இது யாருப்பா?" என்று கேட்டாள்.

மருந்து ஏற்றும் பெட்டியில் பச்சை எண்கள் ஓடும். "அப்பா, ரீடிங் எடு" என்பாள். நான் எண்ணைச் சொல்வேன், அவள் தன் நோட்டில் கிறுக்கிக்கொள்வாள். பதினைந்து வருஷமாக மதுரையில் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்க்கிறவன் நான். பொய் சொல்லும் மீட்டரை முத்திரையைத் தொடாமலே சொல்லிவிடுவேன். பொய் சொல்லும் ஆளை அதைவிடச் சீக்கிரம்.

இதை எதற்கு எழுதுகிறேன் என்றால், மத்தியானம் ஹசீனா என்று ஒரு பெண் கையில் படிவங்களோடு வந்தாள். குழந்தைகளுக்கு ஏன் ரத்தப் புற்றுநோய் வருகிறது என்று ஏதோ ஆராய்ச்சி. பெற்றோரிடம் நாற்பது கேள்வி. வீட்டில் பூச்சி மருந்து அடிப்பீர்களா, பிறந்தபோது குழந்தையின் எடை எவ்வளவு, இப்படி. பதினேழாவது கேள்வி, தாய்ப்பால் எத்தனை மாதம் கொடுத்தீர்கள்.

என் மனைவி வல்லி என்னை ஒரு தரம் பார்த்தாள். பிறகு, "எட்டு மாசம்" என்றாள்.

பிறந்த எடையைச் சொல்ல அவ்வளவு யோசித்தவள், பூச்சி மருந்துக்கு என்னிடம் கேட்டவள், இதற்கு மட்டும் படக்கென்று பதில் சொன்னாள். அதுவும் என்னைப் பார்த்துவிட்டு. மீட்டர் பெட்டியைத் திறக்கச் சொன்னதும் வீட்டுக்காரர் பார்ப்பாரே, அந்தப் பார்வை.

விட்டுப்போனது ஏதாவது இருந்தால் மூன்று வாரம் கழித்து வந்து சேர்த்துக்கொள்வதாகச் சொல்லி ஹசீனா ஒரு விளக்கத் தாளைக் கொடுத்துவிட்டுப் போனாள். ஆறு மாதமோ அதற்கு மேலோ தாய்ப்பால் குடித்த குழந்தைகளிடம் இந்த நோய் சற்றுக் குறைவாகத் தெரிவதாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன என்று அதில் இருந்தது. நாலு தடவை படித்தேன்.

ஜூன் 5, புதன்

பூரி. பூரி. பூரி. எண்ணெய்ப் பலகாரம் அளவாகக் கொடுங்கள் என்று சிஸ்டர் திட்டினார். வல்லி பேசாமல் வாங்கிக் கட்டிக்கொண்டாள். எதற்கும் பேசாமல் இருக்கிற ஆள் மனதில் எதையோ வைத்துக்கொண்டிருக்கிறார் என்றுதான் அர்த்தம்.

ஜூன் 7, வெள்ளி

துணி எடுக்க வீட்டுக்குப் போனேன். மீன்தொட்டியில் ஒன்று செத்து மிதந்தது. வதனியிடம் சொல்லப் போவதில்லை. அதே நிறத்தில் ஒன்று வாங்கிப் போட வேண்டும்.

சமையலறையில் காபிப்பொடி தேடியபோது மேல் தட்டில் வரிசையாகப் பால்பவுடர் டப்பாக்கள். உளுந்து, கடுகு, வற்றல், பெருங்காயம். நாலு வருஷமாகக் கண்ணெதிரே இருக்கின்றன, இன்றுதான் பார்த்தேன். எடுத்துக் கவிழ்த்தேன். கடுகு கொட்டிவிட்டது. அடியில் தயாரித்த மாதம் அச்சடித்திருந்தது: ஜனவரி 2020. அடுத்த டப்பாவிலும் அதே மாதம். இரண்டிலும் 'பிறந்தது முதல் ஆறு மாதம் வரை' என்று படத்தோடு போட்டிருக்கிறது.

வதனி பிறந்தது 2019 நவம்பர் 10. கணக்குப் போடக் கால்குலேட்டர் வேண்டாம். மூன்று மாதத்தில் டப்பாப் பால் வந்துவிட்டது. வீட்டில் பால் பாட்டில் இருந்தது ஞாபகம் இருக்கிறது, தாய்ப்பாலோடு கூடுதலாக என்றுதான் நினைத்திருந்தேன். எட்டு மாதமாம்.

கடுகைக் கூட்டி அள்ளி டப்பாவில் போட்டேன். உளுந்து டப்பாவைக் காலி செய்து பையில் வைத்துக்கொண்டேன்.

ஜூன் 8, சனி

ஆபீஸில் வருஷா வருஷம் கொடுக்கும் டைரி எல்லாம் பீரோவுக்கு மேலே அட்டைப்பெட்டியில் இருக்கின்றன. 2020 டைரியை எடுத்து வந்து, வதனி தூங்கும்போது படித்தேன்.

பிப்ரவரி 12ஆம் தேதிதான் வேலைக்குப் போன இடத்தில் நான் சுவரிலிருந்து விழுந்தேன். வலது தொடை எலும்பு இரண்டாக. இருபத்தாறு நாள் ஆஸ்பத்திரி. வல்லிதான் கூட இருந்தாள், வேறு யார் இருக்கிறார்கள் எனக்கு. ஊசி எத்தனை, யார் யார் வந்து பார்த்தார்கள், ஹார்லிக்ஸ் யார் கொண்டுவந்தது, எல்லாம் எழுதியிருக்கிறேன். வதனி அப்போது எங்கே இருந்தாள் என்று ஒரு வரி இல்லை. திருமங்கலத்தில் தெய்வானை மதினி வீட்டில்தான் இருந்திருப்பாள். மதினி வல்லிக்கு அக்கா, சொந்தப் பிள்ளை மாதிரி பார்த்துக்கொள்ளக்கூடியவள். திருமங்கலம் என்ன காசியா, பத்து நிமிஷத்துக்கு ஒரு பஸ். வல்லி போய்ப் போய்ப் பால் கொடுத்துவிட்டு வந்திருக்கலாமே.

ஆனால் வேறு ஒன்று இருந்தது. அதை மறந்தே போயிருந்தேன். அப்படியே எழுதுகிறேன்.

'பிப்ரவரி 20. கீழே டிபன் வாங்கப் போனவள் முக்கால் மணி நேரம் கழித்து வந்தாள். மேலெல்லாம் மல்லிகை வாசம். தலையில் பூ இல்லை. கேட்கவில்லை. கவனிக்க வேண்டும்.'

'பிப்ரவரி 21. இன்றும் வாசம். தலை வெறுமை.'

'பிப்ரவரி 23. இன்றும். முகம் அழுத மாதிரி. என்னைப் பார்த்தால் சிரிக்கிறாள்.'

'பிப்ரவரி 26. வாசம் இல்லை. கேட்கவில்லை.'

நாலு வருஷம் கேட்காமலே இருந்திருக்கிறேன். புருஷன் கால் உடைந்து கிடக்கும்போது பூ வைத்துக்கொண்டு எங்கே போனாள், வார்டுக்குள் வருமுன் அதை ஏன் எடுத்தாள்? அதே மாதத்தில் டப்பாப் பால். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். எனக்குப் பிடிக்கவில்லை.

ஜூன் 11, செவ்வாய்

வதனியின் முடி தலையணையெல்லாம். நாவிதர் வந்து மொட்டை அடித்தார். வல்லியும் தன் முடியை வெட்டிக்கொள்கிறேன் என்றாள். வதனி, "வேணாம்மா, எனக்குப் புடிச்சு வெளாட முடி வேணும்ல" என்றாள்.

வராந்தாவுக்கு வந்து மதினிக்குப் போன் போட்டேன். சுற்றி வளைத்துவிட்டுக் கேட்டேன், வதனி தாய்ப்பாலை எப்போது மறந்தாள் என்று.

"இப்ப எதுக்குத் தம்பி அது?"

"சும்மாதான், மதினி. ஆஸ்பத்திரில கேக்குறாங்க."

"அதை அவகிட்டயே கேளுங்க. நான் சொன்னா நல்லா இருக்காது."

நான் சொன்னால் நல்லா இருக்காதாம். அக்காவும் தங்கச்சியும் கூட்டு.

ஜூன் 14, வெள்ளி

செய்துவிட்டேன். செய்தது சரியா என்று தெரியவில்லை. எழுதிப் பார்த்தால் தெரியலாம்.

டாக்டர் ஷெரின் வாராவாரம் பெற்றோரை அறைக்குக் கூப்பிட்டுப் பேசுவார். அடுத்த வாரம் எலும்பு மஜ்ஜை எடுத்துப் பார்க்கப் போகிறோம், இதுவரை நன்றாகப் போகிறது என்றார். வேறு ஏதாவது கேட்கணுமா என்றார். நான் பையிலிருந்து டப்பாவை எடுத்து மேஜைமேல் கவிழ்த்து வைத்தேன்.

"இதுல குடுக்கலாமான்னு கேக்குறீங்களா?" என்றார் டாக்டர்.

"இல்லை மேடம். தேதியப் பாருங்க. மூணு மாசத்துல பால நிறுத்திட்டா. அந்தப் பொண்ணுகிட்ட எட்டு மாசம்னு பொய் சொல்லியிருக்கா. அதனாலதான புள்ளைக்கு வந்துச்சு?"

வல்லி டப்பாவைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை.

டாக்டர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "சார், ஆறு மாசம் தாய்ப்பால் குடிச்ச பிள்ளைங்கள்ல இது கொஞ்சம் கம்மியா இருக்குன்னு ஆய்வு சொல்லுது. கொஞ்சந்தான். இங்க இருக்கிற பெட்டுல ரெண்டு வருஷம் குடிச்ச பிள்ளைங்களும் படுத்திருக்கு. ஒரு நாள்கூடக் குடிக்காத பிள்ளைங்க எத்தனையோ பேரு வெளிய நல்லா ஓடி விளையாடுது. உங்க பொண்ணுக்கு இதனாலதான் வந்துச்சுன்னு எந்த டாக்டராலயும் சொல்ல முடியாது. நீங்களும் சொல்லாதீங்க. அவங்க மூணு வாரமா தூங்கல, தெரியுமா உங்களுக்கு?"

ஆறுதலுக்குச் சொல்கிறார். அவர்கள் எல்லாம் அப்படித்தான் சொல்வார்கள். மீட்டர் எரிந்துபோனால்கூட நாங்கள் "பரவாயில்லைங்க" என்றுதான் முதலில் சொல்வோம்.

வெளியே வந்ததும் வல்லி சொன்னது இவ்வளவுதான்: "சொல்லிட்டீங்கள்ல. சரி."

ஜூன் 15, சனி

டப்பாவைக் கழுவி வதனியின் கலர் பென்சில்களைப் போட்டு வைத்திருக்கிறாள். என் கண்ணில் படும்படி.

ஜூன் 16, ஞாயிறு

எனக்குச் சாப்பாடு பரிமாறுகிறாள், என் கை படாமல் தட்டைத் தள்ளி வைக்கிறாள். வதனி எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ரெண்டு பேரும் கையக் குடுத்துக்கோங்க" என்றாள். கொடுத்தோம். வல்லியின் கை சில்லென்று இருந்தது.

ஜூன் 18, செவ்வாய்

இந்த வார்டுக்குள் பூ கொண்டுவரக் கூடாது. கதவிலேயே எழுதி ஒட்டியிருக்கிறது. பிள்ளைகளுக்கு எதிர்ப்புச் சக்தியே இல்லாத சமயம், பூவிலிருக்கும் கிருமி போதும், காய்ச்சல் வந்தால் உயிருக்கே ஆபத்து. போன வாரம் சாமி படத்துக்கு வைத்திருந்த சரத்தைக்கூடச் சிஸ்டர் எடுத்துப் போட்டுவிட்டார்.

இன்று காலை பத்து மணிக்கு மல்லிகை வாசம் வந்தது. வல்லியைப் பார்த்தேன். தலையில் ஒன்றுமில்லை. பக்கத்தில் போய் நின்றேன். அவளிடமிருந்து இல்லை. அடுத்த கட்டில் பக்கமிருந்து வருகிறது. அங்கே ஆன்றோ என்று ஆறு வயதுப் பையன், வதனிக்கு வந்திருக்கிற அதே நோய். அவன் அம்மா ஜெபராணி, பாம்பன் பக்கம். புருஷன் கடலுக்குப் போகிறவர். அவள் தலையிலும் பூ இல்லை. முந்தானையை இறுக்கிப் போர்த்தியிருந்தாள். நேற்றும் அப்படித்தான் இருந்தாள்.

மத்தியானமும் வாசம். ஒளித்து வைத்திருக்கிறாள். தன் பிள்ளை எப்படியோ போகட்டும், என் பிள்ளைக்குக் கிருமி வந்தால்? சிஸ்டரிடம் போய்ச் சொல்லிவிட்டேன்.

ஜூன் 19, புதன்

எப்படி எழுதுவது என்று தெரியாமல் இரண்டு டீ குடித்தாயிற்று.

காலையில் சிஸ்டர் வந்து ஜெபராணியிடம், "பூ வச்சிருக்கியா? எடு" என்றார். ஜெபராணி முதலில் இல்லை என்றாள். பிறகு அழுதாள். சிஸ்டர் திரையை இழுத்துவிட்டார். திரைக்குப் பின்னால் பேசியது எங்கள் கட்டிலுக்குக் கேட்டது.

"ரெண்டு மாசக் கைப்புள்ளய அக்காகிட்ட விட்டுட்டு வந்துருக்கேன் சிஸ்டர். பால் கட்டி நெஞ்சு கல்லா கெடக்கு. காய்ச்சலா வருது. எந்தப் புள்ள அழுதாலும் சட்டை நனைஞ்சு போகுது. உதிரி மல்லிய வச்சுக் கட்டுனா பால் வத்திரும்னு எங்க பக்கம் செய்வாங்க. அதான் ரவிக்கைக்குள்ள வச்சிருந்தேன். தலையில வைக்கல சிஸ்டர்."

சிஸ்டர், "பால நிறுத்தாதம்மா. பூவத் தூக்கிப் போடு. கீழ பால் குடுக்குற ரூம் இருக்கு. அக்காவப் புள்ளயோட இங்க வந்து தங்கச் சொல்லு. அதுவரைக்கும் பீய்ச்சிவிடு, நான் சொல்லித் தர்றேன்" என்றார்.

வாடிப்போன பூவைத் தாளில் பொதிந்து வெளியே எடுத்துப் போனார். அந்த வாசம் என்னைக் கடந்து போனது.

தலையில் பூ இல்லை. மேலெல்லாம் வாசம். முகம் அழுத மாதிரி.

வல்லியைத் திரும்பிப் பார்த்தேன். அவள் வதனிக்கு மாதுளை உரித்துக்கொண்டிருந்தாள். நிமிரவே இல்லை. ஒரே முத்தைத் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

பூக்காரர்களைத் தினமும் பார்க்கிற ஊரில் பிறந்தவன் நான். மல்லிகை என்றால் தலைக்கும் சாமிக்கும் என்று மட்டும்தான் எனக்குத் தெரிந்திருக்கிறது.

ஜூன் 20, வியாழன்

வதனியை ஸ்கேனுக்குக் கூட்டிப் போயிருந்தார்கள். நாங்கள் இரண்டு பேரும் வராந்தா பெஞ்சில் இருந்தோம். பழைய டைரியைத் திறந்து பிப்ரவரி 20ஆம் தேதியை அவளிடம் காட்டினேன்.

படித்தாள். அடுத்த பக்கத்தையும் படித்தாள்.

"நான் எவனையோ பாத்துட்டு வந்தேன்னு நெனச்சீங்களா?"

"ஆமா."

"நாலு வருஷமாவா?"

தலையாட்டினேன்.

அவள் டைரியை மூடி என் மடியில் வைத்தாள். "உங்க வார்டுல ஆம்பளைங்கதான். குழந்தையக் கொண்டாரக் கூடாதுன்னுட்டாங்க. மொத ரெண்டு நாளு பஸ் ஏறிப் போய்க் குடுத்துட்டு வந்தேன். மூணாம் நாளு நீங்க பெட்லருந்து எந்திரிக்கப் பாத்து விழுந்துட்டீங்க. அதுக்கப்புறம் எங்க போக? பாத்ரூம்ல பீய்ச்சிவிட்டேன், வெளிய கதவத் தட்டுவாங்க. அந்த வார்டு சிஸ்டர்தான் பூ வைக்கச் சொன்னாங்க. கீழ வாசல்ல ஒரு பூக்காரம்மா, கோயிலுக்கான்னு கேட்டுச்சு. ஆமான்னு சொன்னேன். ஆறு நாள்ல வத்திருச்சு. வீட்டுக்கு வந்தப்புறம் வச்சுப் பாத்தேன், அவ வாய வச்சுட்டு வச்சுட்டு அழுதா."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"காலு ரெண்டாப் போயிக் கெடக்குற ஆளுகிட்ட என்னத்தச் சொல்ல? அங்கிட்டு அவ பசியில கத்துவான்னு தெரியும். இங்கிட்டு நீங்க வலியில கத்துறது காதுல கேட்டுச்சு. எது காதுல கேட்டுச்சோ அதப் பாத்தேன்."

இன்னொன்றும் கேட்டேன். "அப்ப எட்டு மாசம்னு ஏன் சொன்ன?"

"ஆறு மாசத்துக்குள்ள நிறுத்தியிருந்தா ஏன் நிறுத்துனீங்கன்னு அடுத்த கேள்வி இருந்துச்சு. தாளு அந்தப் பிள்ளை கையிலதான இருந்துச்சு, நான் படிச்சுட்டேன். நீங்க பக்கத்துல நின்னீங்க."

அழுகை வந்தது. அழுதேன். ஸ்ட்ரெச்சர் தள்ளிக்கொண்டு வந்தவர் ஒதுங்கச் சொல்லி இரண்டு தடவை மணி அடித்தார்.

ஜூன் 21, வெள்ளி

மஜ்ஜை எடுத்தார்கள். வதனி மயக்கத்தில் இருக்கும்போது அவள் நோட்டைப் புரட்டினேன். பக்கம் பக்கமாக எண்கள்.

ஒன்று எழுதியே ஆக வேண்டும். டாக்டர் அன்று சொன்னதை நான் நம்பவில்லை. பழி வல்லி மேல் இருந்தவரை, அது வெறும் ஆறுதல். பழி என் பக்கம் திரும்பியதும் டாக்டர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் உண்மையாக இருக்க வேண்டும் போலிருக்கிறது. கொஞ்சந்தான், எந்த டாக்டராலும் சொல்ல முடியாது, கொஞ்சந்தான். மனப்பாடம் ஆகிவிட்டது. நான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொள்ளும் இந்த வார்த்தையை அவளுக்கு ஒரு தரம்கூடச் சொல்லவில்லை.

ஜெபராணியின் அக்கா கைக்குழந்தையோடு வந்துவிட்டாள். மூன்று மணி நேரத்துக்கு ஒரு தரம் ஜெபராணி கீழே போகிறாள். அவள் போகும்போது ஆன்றோவுக்கு வல்லி காவல். இன்று இரண்டாவது முறை நான் இருந்தேன். அவனுக்கும் ரீடிங் எடுக்கத் தெரிந்துவிட்டது. பூ விஷயத்தைச் சொன்னது நான்தான் என்று ஜெபராணியிடம் சொன்னேன். "தெரியும்ணே. சிஸ்டர் சொல்லிட்டாங்க. நல்லதாப் போச்சு" என்றாள். எல்லாருக்கும் எல்லாம் முன்னாடியே தெரிந்திருக்கிறது.

ஜூன் 25, செவ்வாய்

மஜ்ஜையில் கெட்ட செல்கள் தெரியவில்லை என்றார் டாக்டர். இது முதல் படி, இன்னும் இரண்டரை வருஷம் மருந்து இருக்கிறது, துள்ளிக் குதிக்காதீர்கள் என்றும் சொன்னார். வதனி பூரி கேட்டாள். சிஸ்டரே ஒன்று கொடுக்கச் சொன்னார்.

மத்தியானம் ஹசீனா வந்தாள். "விட்டுப்போனது எதுவும் இருக்கா சார்?" என்றாள்.

"பதினேழாவது கேள்வியத் திருத்தணும். எட்டு இல்ல, மூணு."

வல்லி, "இருக்கட்டும் விடுங்க" என்றாள். நான் விடவில்லை.

ஹசீனா அடித்து எழுதினாள். பிறகு அடுத்த கேள்வியை வாசித்தாள். "நிறுத்தியதற்கான காரணம். தாய்க்கு உடல்நலக் குறைவு, தாய் வேலைக்குச் சென்றது, பால் போதவில்லை, மற்றவை. எதப் போடட்டும்க்கா?" வல்லியைப் பார்த்துத்தான் கேட்டாள்.

"மற்றவை போடுங்க" என்றேன் நான். "தகப்பன் சுவரிலிருந்து விழுந்து கால் முறிந்ததால், தாய் அவனைப் பார்த்துக்கொள்ள வேண்டியதாயிற்று. பால் வற்றும்படி செய்துகொள்ள வேண்டியதாயிற்று."

அவள் பேனா நின்றது. "இதை இப்படியே எழுதவா சார்?"

"இப்படியே எழுதுங்க."

எழுதி முடித்தாள். வல்லி வதனியின் மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல் சொன்னாள். "சுவத்துல ஏன் ஏறுனீங்கன்னும் சொல்லுங்க."

இந்த வார்டுக்கு வந்த நாளிலிருந்து அவள் என்னைக் கிண்டல் செய்தது இதுதான் முதல் தடவை. கிண்டல்தானா என்று முழுசாகச் சொல்ல முடியவில்லை. அவள் முகத்தைப் பார்த்தேன், கண்டுபிடிக்கத் தெரியவில்லை எனக்கு.

ஹசீனா காத்திருந்தாள். சொன்னேன். ஒரு வீட்டுக்காரர் கம்பியில் கொக்கி போட்டு மின்சாரம் திருடுகிறார் என்று எனக்கு ஒரு எண்ணம். அதைப் பிடிப்பது என் வேலையே இல்லை, அதற்கென்று தனி ஆட்கள் இருக்கிறார்கள். பின்பக்கச் சுவரில் ஏறி எட்டிப் பார்த்தேன். அங்கே கொக்கி இல்லை. துணி காயப்போடும் கம்பிதான் இருந்தது. அதில் ஒரு பச்சைக் குழந்தையின் துணிகள் காய்ந்துகொண்டிருந்தன.

"அதுல எழுத இடம் இல்லை சார்" என்றாள் ஹசீனா.

"பின்பக்கம் எழுதுங்க" என்றாள் வல்லி.